காவிரிப் படுகையின் ஏரிகளும் அவற்றுக்குச் செல்லும் வழிகளும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களையும், அவற்றை ஒட்டிய கடலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகளையும் கொண்டது காவிரிப் படுகை. கோயில்களுக்காகவே இங்கு வருவோர் பலர். வீராணம், வடுவூர், கரைவெட்டி, உதயமார்த்தாண்டபுரம் முதலிய ஏரிகளைப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்கி வருவோர் குறைவு. இந்த ஏரிகள் படுகையின் ஓரங்களில் சிதறிக் கிடப்பதும், ரயில் பாதைகள் அவற்றைத் தொடாமல் செல்வதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஏரிகள் ஏன் ஓரத்தில் அமைந்தன, பாதைகள் ஏன் வேறு பக்கம் போயின என்பதை அறிந்தால், கார் வைத்திருப்பவரும் இல்லாதவரும் தங்கள் பயணத்தைச் சரியாக வகுத்துக்கொள்ளலாம்.

ஏரிகள் ஓரத்தில் இருப்பது ஏன்

ஏரி என்பது தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடம். ஆறு ஆண்டின் பெரும்பகுதி ஓடும் நிலத்தில் தேக்கும் தேவை குறைவு. பழைய தஞ்சை நாட்டின் நடுப்பகுதியில் காவிரியும் அதன் கிளைகளான வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு போன்றவையும் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்கே தண்ணீரைக் கொண்டு சேர்த்தன. எனவே அங்கு பெரிய ஏரிகள் உருவாகவில்லை. ஊர் நடுவே கோயில் குளங்களே பெரிதாக அமைந்தன. திருவாரூர் கமலாலயம், மன்னார்குடி ஹரித்திராநதி, கும்பகோணம் மகாமகக் குளம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்வது வழக்கம்.

ஆற்று நீர் எட்டாத மேட்டு நிலத்திலும், வாய்க்கால் முடியும் கடைமடையிலும்தான் ஏரி தேவைப்பட்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே வீராணமும் சோழகங்கமும் கரைவெட்டியும், தெற்கே வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் அமைந்ததன் பொருள் இதுதான். வரைபடத்தில் இந்த ஏரிகளைக் குறித்துப் பார்த்தால், படுகையைச் சுற்றி ஒரு விளிம்பு கட்டியதுபோல் தெரியும்.

இவற்றுள் பெரியது வீராணம். முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் இதை வெட்டுவித்தான். பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதே வீரநாராயண ஏரி என்றாகி, பின்னர் வீராணம் எனச் சுருங்கியது. வடக்கே படையோடு தங்கியிருந்த இளவரசன், போரில்லாத நாட்களில் வீரர்களைக் கொண்டு ஏரியை வெட்டினான் என்று மரபாகக் கூறுவர். அவன் 949-இல் தக்கோலப் போரில் உயிரிழந்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஓர் ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலே இந்த ஏரியைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தது.

முதலாம் இராசேந்திரன் (1014–1044) கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக, நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைக் குறிக்கிறது. இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் இந்த ஏரியின் பெரும்பகுதி தூர்ந்துபோய்விட்டது. நீண்ட கரையைப் பார்த்தே அதன் பழைய அளவை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நடைப்பயணமும் சத்திரங்களும்

ரயில் வருவதற்கு முன் இந்த நாட்டில் பயணம் என்றால் கால்நடை, இல்லாவிட்டால் மாட்டு வண்டி. வழிகள் பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டியே சென்றன. மழைக்காலத்தில் மண் பாதை சேறாகிவிடும். கொள்ளிடம் போன்ற பெரிய ஆறுகளை ஓடத்திலோ பரிசலிலோ கடக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக நெடுந்தூரம் செல்வது அரிது. நீரைப் பார்க்கவென்றே குடும்பத்தோடு போகும் நாள் ஒன்று இருந்தது. அது ஆடிப் பதினெட்டு. புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, வண்டி பூட்டி அருகிலுள்ள ஆற்றங்கரைக்குப் போய்ப் புதுப்புனலை வணங்கி, மாலையில் வீடு திரும்புவார்கள். சிறுவர்கள் சிறு சப்பரங்களை இழுத்துச் செல்வார்கள். இப்பகுதியின் குறுகிய விடுமுறைப் பயணத்துக்கு இதையே முன்னோடியாகக் கொள்ளலாம்.

தொலைதூரம் சென்றவர்கள் பெரும்பாலும் இராமேசுவர யாத்திரிகர்கள். அவர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். பிரதாப சிம்மன் (1739–1763) காலத்தில் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் எழுந்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் நிறுவப்பட்டது. வழிப்போக்கருக்கு உணவு, தங்க இடம், நோயுற்றால் மருந்து, சில இடங்களில் மாணவர்களுக்குப் பாடசாலை ஆகியவையும் சத்திரங்களில் இருந்தன. 1799-இல் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றபின், இச்சத்திரங்களின் அறப்பணிகளை விளக்கி, அவை குறைவின்றித் தொடர வேண்டும் என்று 1801-இல் சரபோஜி ஆங்கில ரெசிடென்டுக்கு எழுதினார். கையில் பணமோ சொந்த வண்டியோ இல்லாதவரும் நெடும்பயணம் செய்ய முடிந்ததற்கு இந்த ஏற்பாடே துணை நின்றது. ஆனால் சத்திரங்கள் யாத்திரை வழியில் இருந்தன. ஏரிக்கரைகளுக்கு அவை வரவில்லை.

நெல்லுக்காக வந்த ரயில்

1861-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பாதை திறந்தது. மறு ஆண்டு அது திருச்சிராப்பள்ளி வரை நீண்டது. தொடக்கப் புள்ளி துறைமுகம் என்பது கவனிக்கத்தக்கது. உள்நாட்டு விளைபொருளைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்ப்பதே பாதையின் முக்கிய நோக்கம். தஞ்சை நெல்லும் அரிசியும் இலங்கைக்குக் கப்பலேறிய காலம் அது. இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் 1874-இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. பின்னர் சென்னையிலிருந்து விழுப்புரம், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு வரும் பாதை உருவாயிற்று. இன்றும் அதற்கு மெயின் லைன் என்றே பெயர். இலங்கைக்குச் செல்லும் போட் மெயில் ரயிலும் இவ்வழியே சென்றது.

தஞ்சை ஜில்லா போர்டு தானே பணம் திரட்டி ஒரு ரயில் பாதை அமைத்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894-இல் திறக்கப்பட்ட இப்பாதை பின்னர் அறந்தாங்கிக்கு நீட்டிக்கப்பட்டது. 1915-இல் மன்னார்குடிக்கும், 1926-இல் தரங்கம்பாடிக்கும், 1936-இல் கோடியக்கரைக்கும் கிளைகள் போடப்பட்டன. சிற்றூர் மக்களும் பெட்டி படுக்கையோடு கடற்கரை வரை போகும் வசதி அப்போது கிடைத்தது.

இந்த வசதி நிலைக்கவில்லை. மன்னார்குடிக் கிளை 1976-இல் மூடப்பட்டு, 2011-இல்தான் மீண்டும் திறந்தது. தரங்கம்பாடிப் பாதை 1980-களில் நின்றுபோய் இன்றுவரை திரும்பவில்லை. திருவாரூர்–காரைக்குடிப் பாதை அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. கார் உள்ளவருக்கு ஒரு ரயில் நிற்பது பெரிய இழப்பாகத் தோன்றாது. இல்லாதவருக்கு ஒரு கடற்கரையோ ஒரு பறவை ஏரியோ கைக்கு எட்டாததாகிவிடும்.

பேருந்துக் காலம்

ரயில் தொடாத இடங்களைப் பேருந்துகள் தொட்டன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் நிறுவனங்கள் பல தடங்களில் பேருந்து ஓட்டின. ராமன் அண்ட் ராமன் அவற்றுள் பெயர் பெற்றது. வழித்தட உரிமத்துக்காக அந்நிறுவனம் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. ஒரு வழித்தடத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை இதிலிருந்து அறியலாம். 1972-இல் பேருந்துகள் அரசுடைமையானபோது கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. 1997-க்குப்பின் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமாக அறியப்படுகிறது. பெரிய பேருந்து போகாத ஊர்களுக்கு மினி பஸ் விடும் திட்டமும் அதே 1997-இல் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சிற்றூரில் வாழும் பெண் ஒருவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஏரிக்கோ கோயிலுக்கோ போய்வர இது பெரிய உதவியாயிற்று.

எந்த மாதம் போவது

வண்டி எது என்பதைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதே. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12-இல் திறக்கப்பட்டு, சனவரி 28-இல் மூடப்படும். அணையில் போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த நீர் கல்லணையில் பிரிந்து, கடைமடைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பும். ஆகவே ஏரியைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இதில் நவம்பரில் புயலும் பெருமழையும் வரலாம். சனவரியும் பிப்ரவரி முற்பகுதியும் பாதுகாப்பானவை. ஏப்ரல், மே மாதங்களில் பல ஏரிகள் மேய்ச்சல் நிலம்போல் வறண்டு கிடக்கும். பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பதால் ஏமாற்றம் அடையும் குடும்பங்கள் பல. மாணவர்களோடு செல்வோர் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கார் இல்லாமல்: வடக்குச் சுற்று

கும்பகோணத்தில் தொடங்கிச் சிதம்பரத்தில் முடியும் இரண்டு நாள் பயணம் இது. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. காலையில் கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குப் பேருந்தில் செல்லலாம். கொள்ளிடத்தின் குறுக்கே இங்குள்ள கீழணை, 1836-ஆம் ஆண்டையொட்டி ஆர்தர் காட்டன் என்ற பொறியாளரின் திட்டப்படி கட்டப்பட்டது. இந்த அணையைக் கட்டக் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். அடுத்த நிறுத்தமாக அந்தக் கோயிலையே பார்க்கும்போது, இழந்த மதிலின் வரலாறும் சேர்ந்தே புரியும். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இக்கோயில் சேர்க்கப்பட்டது. நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் முற்பகலிலேயே சென்றுவிட வேண்டும்.

அங்கிருந்து மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோயில் சென்று, பக்கத்திலுள்ள லால்பேட்டையில் இறங்கினால் வீராணம் ஏரிக்கரை. கீழணையில் பிரியும் வடவாறு கொண்டுவரும் நீரே இந்த ஏரிக்கு ஆதாரம். தஞ்சை நகருக்கு அருகே ஓடும் வடவாறு வேறு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். சேத்தியாத்தோப்புப் பக்கம் செல்லும் கரைச் சாலையில் மாலை வேளையில் சிறிது தூரம் நடந்தால் ஏரியின் நீளம் விளங்கும். இருட்டுமுன் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறி அங்கே தங்கலாம். மறுநாள் நடராசர் கோயிலைப் பார்த்துவிட்டு, பிச்சாவரத்துக்குப் பேருந்தில் சென்று அலையாத்திக் காட்டில் படகில் சுற்றிவரலாம். சிதம்பரம் ரயில் நிலையம் மெயின் லைனில் இருப்பதால் ஊர் திரும்புவது எளிது.

கார் இல்லாமல்: தெற்குச் சுற்று

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் வடுவூர். 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஏரி, 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சாலையோரத்திலேயே இருப்பதால் பேருந்தில் வருவோருக்குப் படுகையிலேயே மிக வசதியான ஏரி இதுதான். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியவற்றையும் வலசை வரும் வாத்துகளையும் பருவத்தில் காணலாம். பறவைகள் விடியற்காலையில் இரை தேடக் கிளம்பி மாலையில் அடையத் திரும்பும். நண்பகலில் போய்ப் பார்த்துவிட்டு, பறவையே இல்லை என்று சொல்வது பொருந்தாது.

அங்கிருந்து மன்னார்குடி சென்று ராஜகோபாலசுவாமி கோயிலையும் ஹரித்திராநதியையும் பார்த்து அங்கே தங்கலாம். மறுநாள் காலை திருத்துறைப்பூண்டி சென்று, முத்துப்பேட்டை செல்லும் பேருந்தில் உதயமார்த்தாண்டபுரத்தில் இறங்கினால் இன்னொரு பறவை ஏரி. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இதன் பரப்பு ஏறத்தாழ 45 எக்டேர்தான். பிற்பகலில் திருவாரூர் வந்து கமலாலயக் கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். சென்னையிலிருந்து வருவோருக்கு மன்னார்குடிக்கு மன்னை விரைவு ரயிலும், தஞ்சாவூருக்கு உழவன் விரைவு ரயிலும் இரவுப் பயணமாக உதவுகின்றன.

இரண்டு சுற்றுகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. எந்த ஏரியில் இறங்கினாலும், இறங்குமுன்னரே நடத்துநரிடமோ பக்கத்து டீக்கடையிலோ திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீர், தொப்பி, குடை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். ஏரிக்கரையில் கடை இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

காருடன்

கார் இருந்தால் விடியலில் ஏரிக்கரையில் நிற்க முடியும். பறவை பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டிக்கு இது சிறப்பாகப் பொருந்தும். மேட்டூர் நீரைக் கொண்டுவரும் புள்ளம்பாடி வாய்க்காலால் நிரம்பும் இந்த ஏரி 2024 சனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து செல்ல வேண்டும். பேருந்தில் கீழப்பழுவூர் வரை வருவது எளிது. அதற்குப் பின் ஆட்டோவை நம்ப வேண்டியிருக்கும். பிற்பகலில் கல்லணைக்கும் சென்று வரலாம். கரிகாலன் கட்டியதாகக் கூறப்படும் கல்லணையில்தான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் நான்காகப் பிரிகிறது. படுகையின் நீர்க் கணக்கு முழுவதையும் ஒரே இடத்தில் நின்று புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடமில்லை.

காரில் வருவோருக்குச் சில கவனங்கள் தேவை. ஏரிக்கரைச் சாலைகள் குறுகியவை. எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. சம்பா அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை நெல் காயவைக்க எடுத்துக்கொள்வார்கள். அறுவடை இயந்திரங்களும் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் மெதுவாகச் செல்லும். அவற்றை முந்த அவசரப்படுவதும், காயும் நெல்லின் மேல் வண்டியை ஏற்றுவதும் கூடாது. சரணாலயத்தின் அருகே ஒலிப்பானை அழுத்தினால் பறவைக் கூட்டம் கலைந்துவிடும்.

ஏரிகளின் இன்றைய நிலை

வீராணத்தை நம்பி ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. இந்த ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் எண்ணம் 1960-களிலேயே உண்டு. அப்போது தொடங்கிய பணி நின்றுபோக, அதற்காகச் செய்த பெரிய குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன. பின்னர் புதிய வீராணம் திட்டம் 2004-இல் நிறைவேறி, 230 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வழியே தலைநகருக்குத் தண்ணீர் போகிறது. ஏரியில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவரும் நிலையில், வயலுக்கு எவ்வளவு, நகருக்கு எவ்வளவு என்ற கேள்வி ஒவ்வொரு வறட்சி ஆண்டிலும் எழுகிறது. சென்னையிலிருந்து வீராணத்தைப் பார்க்க வரும் ஒருவர், தம் வீட்டுக் குழாயில் வரும் நீரின் ஒரு பகுதி புறப்படும் இடத்தைத்தான் பார்க்கிறார்.

சோழகங்கம் ஒரு காலத்தில் தலைநகரின் பெருமையாக இருந்து தூர்ந்துபோனது. பராமரிப்பு நின்றால் எவ்வளவு பெரிய ஏரிக்கும் இதே கதிதான். ராம்சார் பட்டியலில் இடம்பெறுவது நல்ல தொடக்கம். ஆனால் வாய்க்கால் தூர்வாரப்படுவதும், கரை பலப்படுத்தப்படுவதும், ஆக்கிரமிப்பு அகற்றப்படுவதும் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய வேலைகள். அந்த வேலை நடக்கிறதா என்று கேட்பவர்கள் ஏரியை நேரில் கண்டவர்களாக இருக்க வேண்டும். பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பக்கத்து ஏரிக்கு அழைத்துச் செல்வதும், அங்கு செல்லும் பேருந்துத் தடம் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் ஏரிப் பாதுகாப்பின் பகுதிகளே.